வெறுந்தலை

ஷீராஸில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற எவனிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "சட்டி ஹெஷ்மத்தா? அந்த ஆள் நிக்கிற பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்பா" என்பான். ஹெல்மெட்டை அந்த ஊர்ப் பையன்கள் சட்டி என்றுதான் சொல்வார்கள். ஸந்த் சாலையின் மேற்குச் சந்திப்பில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கும் போக்குவரத்துத் தலைமைக் காவலர் ஹெஷ்மத்துக்கு அந்தச் சட்டி பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. மாமனார் வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மற்ற போலீஸ்காரர்கள் கண்டும் காணாமல் விடுவார்கள். ஹெஷ்மத் விடமாட்டார். முழங்கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வருகிறவனை ஓரங்கட்டி, "ஏன்டா, விழுந்தா முழங்கைதான் முதல்ல உடையும்னு ஜோசியக்காரன் சொன்னானா?" என்பார். பையன்களும் சளைத்தவர்களில்லை. காரியம் ஆக வேண்டுமென்றால் தலைமைக் காவலரைக் கர்னல் ஆக்கிவிடுவது அவர்கள் வழக்கம்; மற்றபடி ஊர்ப் பேச்சில் ‘காக்கோ’, அதாவது அண்ணே.

"கர்னல் சார், நாப்பத்தோரு டிகிரி வெயிலு. இதுல தலையைச் சட்டிக்குள்ள வெச்சா மூளை வெந்து ஆட்டுத்தலை சூப்பு ஆயிடும்."

"இருந்தாத்தானேடா வேகும்!"

"என் தலை, என் இஷ்டம், காக்கோ. கவர்மெண்டுக்கு என்ன வந்துச்சு?"

"உன் தலையா? நீயா பெத்தே? உங்கம்மாவைக் கூட்டிட்டு வா, அவ சொல்லட்டும் யார் தலைன்னு."

இதோடு நிற்காது. ரோந்துக் காரின் டிக்கியில் எப்போதும் இரண்டு மூன்று பழைய ஹெல்மெட்டுகள் வைத்திருப்பார். யாரும் கேட்டு வராமல் ஸ்டேஷனில் கிடந்தவை. அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்த பிறகு, ஒன்றை எடுத்து அவரே அந்தப் பையன் தலையில் கவிழ்த்து, தாடைக்குக் கீழே வாரை மாட்டிவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்து கொடு" என்று அனுப்புவார். பத்துக்கு ஒன்பது பேர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவன் கூடவே ஒரு தர்பூசணியும் கொண்டுவந்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ரொட்டிக்கடைப் பையன் ஒருவனின் தலையை நடுரோட்டில் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்காக உட்கார்ந்திருந்தவர் அவர். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு.

அந்தக் கோடையில் மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்தது. ஊரில் ஒரு சந்திப்பு பாக்கியில்லாமல் ஹெல்மெட் சோதனை. மூன்றாவது முறை வெறுந்தலையோடு மாட்டினால் வண்டியே பறிமுதல். "உனக்குக் கல்யாணம்தான் போ, ஹெஷ்மத்து" என்று கூட நின்ற பஹ்மன் கிண்டலடித்தார். முன்பென்றால் ஹெஷ்மத்தும் சிரித்திருப்பார். அந்தக் கோடையில் அவர் சிரிக்கும் நிலையில் இல்லை.

அவருடைய ஒரே மகள் நிகார், பதினேழு வயது, ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் கிடந்தாள். கல்லீரலைத் தின்னும் ஏதோ பரம்பரை நோயாம். இரண்டு குடும்பத்திலும் ஏழு தலைமுறைக்கு யாரும் கேள்விப்பட்டதில்லை, இந்தப் பெண்ணிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு கல்லீரல் வைத்தால் பிழைப்பாள். ஹெஷ்மத்தின் ரத்த வகை சேரவில்லை. அம்மா தூபாவுக்குச் சேர்ந்தது, ஆனால் சர்க்கரை நோயும் கொழுப்பும் ஏறிய அவள் ஈரலை வெட்ட முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். இனி மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவரின் கல்லீரல் வரவேண்டும். அதற்கு ஒரு பட்டியல். பட்டியலில் நிகார் மூன்றாவது பெயர்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு யூனிஃபாரத்தைக் கழற்றிச் சாதாரணச் சட்டையில் போவார் ஹெஷ்மத். வராந்தாவில் தரையில் கம்பளம் விரித்து, தேநீர் பிளாஸ்க்கும் ரொட்டி மூட்டையுமாகக் காத்திருப்பவர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நாலு மாதம் ஒரே வராந்தாவில் கிடந்தால் அந்நியர் ஏது? ஒருவர் தட்டில் ஒருவர் சாப்பிட்டார்கள். ஹெஷ்மத் போலீஸ் என்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது. போலீஸைப் பற்றிய பேச்சும் அங்கே வந்ததில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

பொராஸ்ஜானிலிருந்து வந்திருந்த ஒரு தாய்தான் ஆரம்பித்தாள். அவள் மகனுக்கு எட்டு வயது. "பதினெட்டு நாளாச்சு. மூணாம் மாடிக்கு ஒன்னுகூட வரல, கவனிச்சீங்களா?"

"வரும் தாயி, ஆண்டவன் இருக்கான்" என்றார் ஃபஸா ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்.

"எங்கிருந்து வரும்? ஊர் பூரா ஹெல்மெட் கெடுபிடி. முந்தி வாரத்துக்கு ரெண்டு பைக் கேஸ் வந்துச்சாம், நர்சே சொல்லுது. இப்ப எல்லாவனும் சட்டியைக் கவுத்துக்கிட்டுப் போறான். விழுந்தா கால் உடையுது, கை உடையுது. காலை வெச்சு நான் என்ன பண்ண?"

"என்னம்மா பேச்சு இது? நாலு பிள்ளைங்க பிழைக்குதுன்னா நல்லதுதானே? வாயைக் கழுவும்மா."

"உங்களுக்கென்ன வாத்தியாரே! உங்க ஈரலையே வெட்டி உங்க பையனுக்கு வெக்கிறாங்க, தேதியும் குறிச்சாச்சு. எனக்கு யாரிருக்கா? புருஷன் கடல்ல போனவன் போனவன்தான்." அவள் குரல் ஏறியது. "யாரையும் சாகடின்னா சொல்றேன்? சாகணும்னு இஷ்டப்பட்டு வெறுந்தலையோட போறவனைப் போலீஸ்காரன் ஏன் கையைப் பிடிச்சு நிறுத்துறான்னு கேக்கறேன். அவன் தலை, அவன் இஷ்டம். இந்தச் சட்டம் போட்டவன் வாயில மண்ணு விழ!"

வெட்கக்கேடான பேச்சுதான், ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருமே மனசுக்குள் ஒருமுறையாவது பேசிய பேச்சு. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். தூபாதான் மெல்லச் சொன்னாள்: "போலீஸ்காரன் என்னக்கா பண்ணுவான். அவன் வேலையைத்தானே அவன் செய்யறான்." சொல்லும்போது அவள் புருஷனைப் பார்க்கவில்லை. ஹெஷ்மத்துக்கு உட்கார்ந்திருந்த கம்பளம் சுட்டது.

அன்றைக்கே டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்றார்.

திரும்பும் வழியில் தூபா ஷாசெராக் தர்காவில் காரை நிறுத்தச் சொன்னாள். கல்லீரல் கிடைத்ததென்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டால் நூறு வீட்டுக்குக் குங்குமப்பூப் பாயசம் கிண்டிக் கொடுப்பதாக முன்பே வேண்டியிருந்தாள். அன்றைக்கு அதை முன்னூறாக்கினாள். வெள்ளிக் கிராதியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததை ஹெஷ்மத் தூரத்தில் நின்று பார்த்தார். அவரால் வேண்ட முடியவில்லை. வாயைத் திறந்தால் என்ன கேட்பது? எங்கேயோ ஒரு வீட்டில், இன்றைக்குக் காலையில் வெள்ளரிக்காயும் சீஸும் தின்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போன ஒருத்தனைத்தானே கேட்க வேண்டும்? அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளே.

மறுநாளிலிருந்து வேலை அவருக்கு விஷமாகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வெறுந்தலைகளைத் தேடிய அதே மனிதர்தான், அதே இடத்தில்தான் நின்றார். ஆனால் ஹெல்மெட் போட்ட தலை ஒவ்வொன்றும் கடந்து போகும்போது ஏதோ கைநழுவிப் போவதாகத் தோன்றியது. போடாதவன் வந்தாலோ இன்னும் மோசம். ஆளை மேலும் கீழும் அளந்தார். இவன் அறுபது கிலோ இருப்பான். இவன் குடிகாரன், உதவாது. இவனுக்கு வயசாகிவிட்டது. சீ, நானா இப்படி நினைக்கிறேன் என்று உதட்டைக் கடித்துக்கொள்வார். அடுத்த வண்டி வரும், மறுபடி அளப்பார். ஒரு மனிதன் இந்தக் கதிக்கு வந்துவிட்டால் அவனை என்ன சொல்லித் திட்டுவது? திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மெஹ்யார் வந்தான்.

சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். இருபத்து நாலு இருபத்தைந்து வயசு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் பாம்பு மாதிரி நெளிந்து ஓட்டுகிற ஆள். ஏற்கனவே இரண்டு முறை மாட்டியவன். அன்றைக்கும் வெறுந்தலை. தலைமுடி மட்டும் எண்ணெய்ச் சட்டியில் முக்கி எடுத்ததுபோல் பளபளவென்று படிந்திருந்தது. ஹெஷ்மத் சாவியைப் பிடுங்கினார்.

"மூணாவது தடவை. இறங்கு. வண்டி ஸ்டேஷனுக்கு."

"கர்னல்! ஐயோ கர்னல்! இன்னைக்கு மட்டும் வேண்டாம். உங்க காலைப் பிடிக்கிறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பொண்ணு கேக்கப் போறேன். அதுக்குள்ள நாலு பொட்டலம் கொடுக்கணும், கோட்டு வாங்கணும், ஊர்லேர்ந்து வர்ற அம்மாவை ஏத்திக்கணும்."

"ஹெல்மெட் எங்க?"

"ஜெல்லு போட்டிருக்கேன், காக்கோ! சட்டியைக் கவுத்தா கலைஞ்சிடும். அவங்கப்பா ஏற்கனவே என்னைப் பார்த்தா கழுதையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு."

தெருவோரம் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "லைசென்ஸை எடு" என்றார் ஹெஷ்மத். பர்ஸை அவசரமாகத் திறந்ததில் ஒரு அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். உறுப்பு தான அட்டை. மெஹ்யாரின் பெயர், கீழே ஒரு எண்.

"இது என்னடா?"

"அதுவா?" மெஹ்யார் வெட்கப்பட்டான். "பல்கலைக்கழக வாசல்ல ஒரு பொண்ணு மேஜை போட்டு எழுதிட்டிருந்தா. சிரிச்சா. நானும் எழுதிக் கொடுத்துட்டேன். கண்ணு, கிட்னி, ஈரல், எல்லாம் எழுதிட்டேன். அவளைத்தான் இன்னைக்குக் கேக்கப் போறேன்."

ஹெஷ்மத் அந்த அட்டையை இன்னொரு முறை படித்தார். கேட்கக்கூடாது என்று தெரியும். கேட்டார். "உனக்கு என்ன ரத்தம்?"

"ஓ பாசிட்டிவ். ஏன் கர்னல், அதுக்கும் அபராதம் உண்டா?"

நிகாரும் ஓ பாசிட்டிவ்தான்.

ரோந்துக் கார் ஐந்தடி தூரத்தில் நின்றது. டிக்கியில் ஹெல்மெட்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, ஜெல் போனால் போகட்டும் என்று வாரை மாட்டி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்றை அவர் செய்ததே இல்லை. ஹெஷ்மத் அட்டையை லைசென்ஸுக்குள் வைத்தார், சாவியையும் அதன்மேல் வைத்து நீட்டினார்.

"போ."

"நிஜமாவா?"

"போடா. நேரமாச்சுன்னியே. சீக்கிரம் போ."

சீக்கிரம் போ என்றும் சொன்னார், பாவி மனுஷன். மெஹ்யார் அவர் தோளில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்காமல் பறந்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பஹ்மன் வந்தார். "என்னப்பா இது, அதிசயமா இருக்கு? வண்டியும் பிடிக்கல, சட்டியும் கொடுக்கல?"

"தீர்ந்து போச்சு" என்றார் ஹெஷ்மத். பஹ்மன் டிக்கியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துக்கே திரும்பி நடந்தார்.

அன்றைய பொழுதெல்லாம் ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் ஹெஷ்மத் திரும்பினார். சத்தம் எந்தத் திசையில் போகிறது என்று காது கொடுத்தார். போனைக் கையிலேயே வைத்திருந்தார். ஒருமுறை மணியடித்தது, கம்பள வியாபாரி, துவைத்த கம்பளம் தயார் என்றான். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

சாயங்காலம் நிகார் கண்ணைத் திறந்து பார்த்தாள். கண் முழுக்க மஞ்சள். பேச்சு குழறியது. "அம்மா எங்கே?" என்று தூபாவிடமே கேட்டாள். விஷம் மூளைக்கு ஏறுகிறது என்றாள் நர்ஸ். பட்டியலில் இவளுக்கு மேலே இருந்த இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவருக்குக் காய்ச்சல். இனி எது வந்தாலும் முதலில் நிகாருக்குத்தான். "எது வந்தாலும்" என்று தூபா திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வியாழன் போனது. வெள்ளி போனது. ஊர் முழுக்க வண்டிகள் ஓடின, எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அப்படியொரு நல்ல வாரம் ஷீராஸுக்கு வாய்த்ததில்லை என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். மேலதிகாரி பாராட்டுக் கடிதம் அனுப்பினார்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஹெஷ்மத் சந்திப்பில் நின்றார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, வீட்டில் இருக்க முடியவில்லை, நிற்கத் தெரிந்த ஒரே இடம் அதுதான். ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக ஓரம் கட்டியது. ஓட்டி வந்தவன் கழுத்துவரை மூடிய புத்தம்புது ஹெல்மெட் போட்டிருந்தான். அதைக் கழற்றினான். மெஹ்யார்.

"கர்னல்! இனிப்பு எடுங்க!" பெட்டியைத் திறந்து நீட்டினான். "சம்மதிச்சுட்டாங்க! அன்னைக்கு மட்டும் நீங்க வண்டியைப் பிடிச்சிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். அவங்கப்பா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு. ஹெல்மெட் இல்லாம என் பொண்ணை நினைச்சுக்கூடப் பார்க்காதேன்னுட்டாரு. இதோ பாருங்க, அவரே வாங்கிக் கொடுத்தது. ஊரெல்லாம் உங்களை என்னென்னவோ சொல்லுது. நீங்க தங்கமான மனுஷன்னு இனி நான் சொல்வேன்."

பஹ்மன் ஓடிவந்து இரண்டு இனிப்பை அள்ளிக்கொண்டார். "அடேய், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சேன், உனக்குத் தலைப்பாகையே கிடைச்சிருக்கே!" மெஹ்யார் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஹெஷ்மத்தும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நல்ல சேதிக்குக் கொடுக்கிற இனிப்பை மறுக்கக்கூடாது. ஆனால் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, முகம் தெரிந்த அந்த ஒரு கணத்தில், அவருக்குள் சந்தோஷம் வரவில்லை. அப்பாடா, பிழைத்தான் என்று தோன்றவில்லை. அடச்சீ, இவன் சாகவில்லையா என்றுதான் தோன்றியது. அதுதான் முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பையன் எதையும் கவனிக்காமல் அவர் கையைக் குலுக்கிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

அவன் தெருமுனை திரும்புவதற்குள் போன் அடித்தது. தூபா. "வாங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஹெஷ்மத் மூன்று மாடியும் ஓடியே ஏறினார். டாக்டர் வராந்தாவிலேயே நின்றிருந்தார். ராத்திரியோடு ராத்திரியாக ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது; இனி கல்லீரல் கிடைத்தாலும் வைக்க முடியாது; பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம் என்றார். அவர் நல்ல மனிதர், தரையைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னும் சில மணி நேரம்தான். உள்ள போய்ப் பக்கத்துல இருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தூபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முக்காடு நழுவிக் கிடந்தது, எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. பொராஸ்ஜான்காரி வந்து தோளைப் பிடித்தாள், தள்ளிவிட்டாள்.

"இருபது லட்சம் பேர்!" என்று கத்தினாள் தூபா. "இருபது லட்சம் பேர் இருக்கிற ஊரு. இந்த நாலு வாரத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன் சாகலையா? எம் பொண்ணுக்காக இந்த ஊர்ல ஒருத்தனுக்குச் சாவு வரலையா?"

வராந்தாவே அவளைப் பார்த்தது. வாத்தியார் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீதான்!" அவள் விரல் ஹெஷ்மத்தை நோக்கி நீண்டது. கல்யாணம் ஆன இருபது வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. "நீதான் ஊரான் பிள்ளைங்க தலைக்கெல்லாம் காவல் நின்னே. கெஞ்சிக் கெஞ்சி மாட்டிவிட்டே. எல்லாவனையும் பத்திரமா வீட்டுக்கு அனுப்பினே. நம்ம பிள்ளையை இங்க விட்டுட்டே!"

ஹெஷ்மத் அவள் எதிரில் மண்டியிட்டார். யார் கேட்டால் என்ன, யார் பார்த்தால் என்ன என்று ஆகிவிட்டது அவருக்கு. காறித் துப்பட்டும், செருப்பால் அடிக்கட்டும், அப்படியாவது இந்த நெஞ்சு கொஞ்சம் லேசாகட்டும் என்று நினைத்தார்.

"விட்டேன் தூபா" என்றார். "ஒருத்தனை விட்டேன். புதன்கிழமை. சின்னப் பையன். நம்ம நிகாரோட ரத்தம்தான். வண்டியைப் பிடிச்சிருக்கணும், பிடிக்கல. டிக்கியில ஹெல்மெட் இருந்துச்சு, கொடுக்கல. போன்னு சொன்னேன். செத்துப் போகட்டும்னுதான் விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

தூபாவின் அழுகை நின்றது. அவரையே பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, அருவருப்பும் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லாததுபோல், வீட்டில் கடைச்சாமான் விசாரிக்கிற குரலில், தாழ்வாகத்தான் கேட்டாள்.

"ஒருத்தனை மட்டுந்தானா விட்டே?"